தாய்மாமன் அன்பளிப்பு

சிரிக்கக் கூடாத இடத்தில் வருகிற சிரிப்பின் வேகமே தனி. சாவு வீடு, பரீட்சை ஹால், பெண் பார்க்கும் கூடம் எல்லாவற்றையும் தோற்கடிக்கும் இடம் ஒன்று உண்டென்றால், அது கிறிஸ்தவக் கோயிலில் திருவிருந்து நடக்கும் நேரம்தான். அத்தனை பேரும் தலை குனிந்து முழங்காலில் நிற்பார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் ஏதாவது ஒன்று நடக்கும்.

திருவிருந்தை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இயேசு பாடுபடுவதற்கு முந்தின இரவு சீஷர்களோடு அமர்ந்து உண்ட கடைசி விருந்தின் நினைவு அது. கத்தோலிக்கர் நற்கருணை என்பார்கள். எங்கள் சபையில் ஆளுக்கு ஒரு துண்டு அப்பமும், ஒரே பாத்திரத்திலிருந்து ஒரு மிடறு திராட்சரசமும் பெறுவது பழைய முறை.

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் கேரள எல்லை. அதற்கப்பால் மலையெல்லாம் ஏலத் தோட்டம். அங்கே ஒரு தோட்டத்தில் என் சின்னம்மா வீடு. பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சிறு கோயில். மாதம் ஒரு ஞாயிறு கீழேயிருந்து ஐயர் ஜீப்பில் வருவார். (குருவானவரை ஐயர் என்பது எங்கள் வழக்கம்; பூணூலைத் தேட வேண்டாம்.)

ரசத்தைக் கடையில் வாங்குவதில்லை. உலர்ந்த திராட்சையை ஊறப்போட்டு, சர்க்கரை சேர்த்துக் கொதிக்க வைத்து வடிகட்டுவார்கள். சின்னம்மா அதில் நாலு ஏலக்காயையும் தட்டிப் போட்டுவிடுவாள். முதல் தடவை வந்த விருந்தாளி ஒருவர், மிடறு விழுங்கியதும், "பாயசமா?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டே விட்டார்.

சின்னம்மா ஊரில் இல்லாத ஒரு கோடையில் ரசம் போடியில் தயாராயிற்று. அமெரிக்காவில் வெல்ச் என்ற பல் வைத்தியர் 1869இல் திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் பாதுகாக்க வழி கண்டதே திருவிருந்துக்காகத்தான். அந்த வித்தை போடிக்கு எட்டவில்லை போலும். புட்டிக்குள் நுரைத்துக்கொண்டே ரசம் 17 வளைவும் குலுங்கி ஏறிற்று. மேலே காற்றின் அழுத்தம் வேறு குறைவு. ஐயர் கண்ணை மூடி ஜெபிக்கும்போது தக்கை 'டப்'பென்று கிளம்பித் தகரத்தில் மோதி, உபதேசியார் தலையில் இறங்கியது. அவர் பதறாமல், "ஆமென்" என்றார்.

இன்னொரு சங்கடம் உண்டு. ஜெபித்து ஆசீர்வதித்த ரசத்தில் மீதியைக் கீழே கொட்டலாகாது. பயபக்தியோடு குடித்துத் தீர்க்க வேண்டும். ஒரே நாளில் மூன்று கோயில்களுக்குப் போகும் ஐயரின் கதியை நினைத்துப் பாருங்கள். அந்தக் கோடையில் மூன்றாவது கோயிலில் அவர் செய்த பிரசங்கம் வழக்கத்தைவிட உருக்கமாக இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

வேடிக்கைக்கெல்லாம் காரணம், வாய் பல, பாத்திரம் ஒன்று என்பதுதான். ஆனால் அந்தப் பாத்திரத்துக்கு வேடிக்கையில்லாத கதையும் உண்டு. முற்காலத்துத் தமிழ்ச் சபைகளில் மேல்சாதியார் பருகி முடித்த பிறகே மற்றவர் முறை வரும். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், திருவிருந்தில்கூட இந்தப் பிரிவினை ஆகாது என்று 1833இல் கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதை ஏற்காமல் விலகி நின்றார்கள். சாமியை மாற்றிக்கொண்டவர்களால் எச்சிலை மாற்றிக்கொள்ள முடியவில்லை!

நோய்க் கிருமிக்குப் பயந்து அமெரிக்கச் சபைகளில் 1890களில் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் வந்தது. கொரோனாவுக்குப் பிறகு எங்கள் மலைக்கோயிலுக்கும் அது வந்து சேர்ந்தது. நோய்க்குப் பயப்படுவது நியாயந்தான். ஆனால் தோட்டத்துக் கங்காணியின் முகத்தில் தெரிந்த நிம்மதி நோயைப் பற்றியது மட்டும் அல்ல. காய் எடுக்கும் பெண்களுக்குப் பின்னால் ஒரே பாத்திரத்தில் வாய் வைப்பது அவருக்கு எப்போதும் உறுத்தல். பெரும்பாலும் முதல் ஆளாக வந்து நின்றுவிடுவார்.

ஒரு ஞாயிறு, பத்தாவது வளைவிலோ பதினோராவதிலோ கிண்ணப் பெட்டி ஜீப்பிலிருந்து உருண்டு பள்ளத்தில் போயிற்று. பழைய பாத்திரமோ போடியில் பூட்டியிருந்தது. கோயிலை ஒட்டிய லயத்து வீட்டிலிருந்து, காய் எடுக்கும் ஓர் அம்மாள் தன் எவர்சில்வர் தம்ளரைத் துலக்கிக் கொண்டுவந்தாள். ஐயர் அதை உயரே தூக்கினார். பெயர் வெட்டிய பக்கம் எங்களைப் பார்த்து இருந்தது: 'தாய்மாமன் அன்பளிப்பு'. காதுகுத்தில் வந்த மொய்! கோயில் முழுவதும் தோள்கள் குலுங்கின. ஐயருக்கு மட்டும் காரணம் தெரியவில்லை.

அன்று கங்காணி தாமதமாக வந்ததால் கடைசி ஆள். அவருக்கு முன் நின்றவள் தம்ளருக்குச் சொந்தக்காரி. தம்ளர் தம்மிடம் வந்ததும் அவர் பார்த்தார். ஐயரும் அவரைப் பார்த்தார். இத்தனை நேரம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த எல்லோருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மாள் தலை நிமிரவில்லை. அவள் கைவிரல்கள் மட்டும் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தன. கங்காணி கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு குடித்தார்.

"மாமா மீசையிலே ரசம் சொட்டுது!" என்றது ஒரு குழந்தை.

அதற்குமேல் யாரால் தாங்க முடியும்? அந்த அம்மாள்தான் முதலில் சிரித்தாள். கடைசியில் கங்காணியும் சிரித்தார். மொய் எழுதிய தாய்மாமன் யாரோ, எந்த ஊரோ. அன்று குடித்தவர்கள் அத்தனை பேரையும் ஒரு முறைக்குக் கொண்டுவந்துவிட்டான்.

அடுத்த மாதமே புதுக் கிண்ணங்கள் வந்துவிட்டன. உலகம் ஒரு நாளில் திருந்திவிடுவதில்லை. ஆனால் அந்த அம்மாள் எதிரே வந்தால் கங்காணியின் கை இன்றைக்கும் தானாக மீசைக்குப் போய் ஒரு தடவை துடைத்துவிட்டு வருகிறது.