குல்லாய்க்குள் ஒரு நகரம்

தெர்மாமீட்டர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் போதும், கொல்கத்தா மங்கி கேப்புக்குள் நுழைந்துவிடுகிறது. சிம்லாக்காரர்கள் சிரிக்கலாம். ஆனால் வங்காளிக்கு ஜலதோஷம் விளையாட்டல்ல. அதிகாலையில் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் நடப்பவர்களில் பலருக்குக் கண்ணும் மூக்கும்தான் வெளியே தெரிகின்றன.

குளிருக்கு இப்படிப் பயப்படுகிறவர்கள்தான் ஜனவரியில் விடிய விடிய விழித்திருக்கிறார்கள். அதே ஏரிக்கரையில் உள்ள நஸ்ருல் மஞ்ச் அரங்கம் டோவர் லேன் இசை விழாவுக்குப் பெயர் பெற்றது. விழா தொடங்கியது 1952-ல். ஹிந்துஸ்தானி ராகங்களுக்கு நேரம் உண்டு: நள்ளிரவுக்கு மால்கௌன்ஸ், விடியலுக்கு முன் லலித், விடிந்ததும் பைரவ். மாலையில் தொடங்கி ஒன்பது மணிக்கு முடிகிற கச்சேரியில் லலித்துக்கு ஏது இடம்? ராத்திரிக் கச்சேரிகள் நின்றுபோனால் இந்த ராகங்களை அவற்றுக்குரிய நேரத்தில் மேடையில் கேட்கவே முடியாது. சால்வை போர்த்திய ரசிகர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

குளிரின் அருமை நாக்குக்கும் தெரியும். மாலையில் ஈச்ச மரத்தைச் சீவிப் பானை கட்டுகிறார்கள். விடியுமுன் இறக்குகிறார்கள். இரவு குளிர்ந்தால் சாறு தெளிவாக இருக்கும், வெப்பம் ஏறினால் புளித்துவிடும். அதைக் காய்ச்சி எடுக்கும் புதுவெல்லம்தான் 'நொலேன் குட்'. அது வந்ததும் மிட்டாய்க் கடைகளில் வெள்ளை சந்தேஷ் பழுப்பாகிறது.

இத்தனைக்கும் நடுவில் படிப்பு. ஜனவரி இறுதியில் சால்ட் லேக்கில் புத்தகக் கண்காட்சி கூடுகிறது. இது 1976-ல் பிறந்தது. 1997-ல் மைதானத்தில் தீப்பிடித்து எரிந்தபோதுகூட சில நாட்களில் மீண்டும் கடை விரித்தது. அங்கே பெரியவர்களும் வெட்கப்படாமல் தேடிப் பிடிப்பது 'கல்பவிஞ்ஞான்', அதாவது விஞ்ஞானப் புனைகதை.

இது வெளிநாட்டுச் சரக்கல்ல. முன்னோடிகளில் ஒருவர் அசல் விஞ்ஞானி. பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ் 1896-ல் எழுதிய கதையில், கல்கத்தாவை நோக்கி வரும் புயல் திடீரென மாயமாகிறது. நிபுணர்கள் குழம்புகிறார்கள். கப்பலில் போன ஒருவர் ஒரு பாட்டில் கூந்தல் தைலத்தைக் கடலில் ஊற்றி அலையை அடக்கிவிட்டார் என்பதுதான் ரகசியம். தைலக் கம்பெனி நடத்திய போட்டிக்கு எழுதிய கதை அது. பரிசும் கிடைத்தது.

1945-ல் பிரேமேந்திர மித்ராவின் கனாதா வந்தார். மெஸ்ஸில் உட்கார்ந்தபடியே உலகைக் காப்பாற்றியதாக அளக்கும் பேர்வழி. 1961-ல் சத்யஜித் ராயின் புரொபசர் ஷங்கு பிறந்தார். வீடு கிரிடியில், பூனையின் பெயர் நியூட்டன். 1963-ல் அத்ரீஷ் பர்தன் 'ஆச்சர்ய' என்று விஞ்ஞானக் கதைகளுக்கே ஒரு பத்திரிகை தொடங்கினார். 1966-ல் விஞ்ஞானப் படங்களுக்குத் தனி சினி கிளப்பும் உருவானது. தலைவர் ராய்.

'ஆச்சர்ய' பிறகு நின்றுபோனது. ஷங்கு நிற்கவில்லை. ஆனால் புத்தகத்தை வாங்குபவர் தாத்தா, படிக்க வேண்டியவன் பேரன். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் அந்தப் பேரனுக்கு வங்காள எழுத்து சரளமாக ஓடுகிறதா என்பதுதான் கவலை. ராக்கெட்டும் ரோபோவும் தாய்மொழியிலேயே பேசியதால்தான் முந்தைய தலைமுறைக்கு விஞ்ஞானம் வீட்டு விஷயமாக இருந்தது. அந்தப் பழக்கம் விட்டுப்போனால் விஞ்ஞானம் வெறும் பரீட்சைப் பாடமாகிவிடும்.

சரஸ்வதி பூஜையோடு குளிர் விடைபெறத் தொடங்கும். அதற்கு முன் குழந்தைகள் இலந்தைப் பழம் தின்னக் கூடாது. பூஜையன்று பாடப் புத்தகங்களைத் தேவியின் காலடியில் வைத்துவிட வேண்டும், தொடக் கூடாது. ஷங்கு பாடப் புத்தகமல்ல என்று வாதாடும் பையன்கள் இருக்கும்வரை கவலையில்லை.