மெல்போர்னில் ஒரு நூல் நிலையம்

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகருக்குச் செல்லும் அன்பர்கள், கடற்கரையையும் கடைவீதியையும் கண்டு களித்தபின், சுவான்ஸ்டன் வீதியிலுள்ள விக்டோரியா மாநில நூல் நிலையத்தையும் அவசியம் காண வேண்டும். நாம் சென்று கண்டோம். அங்கே அறிந்த ஒரு செய்தி நம்மவர்க்கும் பயன்படும் என்பதால் இதனை எழுதலானோம்.

இந்நூல் நிலையம் 1856-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இதனைத் தோற்றுவிப்பதில் முன்னின்ற நீதிபதி ரெட்மண்ட் பாரியின் சிலை முகப்பிலேயே நிற்கிறது. 14 வயது நிரம்பியவர், கைகள் தூய்மையாயிருந்தால், உள்ளே வந்து படிக்கலாம் என்பது அக்கால விதி. உள்ளே, 1913-இல் திறந்த எண்கோண வாசகசாலையும் அதன்மேல் மாபெரும் குவிமாடமும் உள்ளன. மழைநீர் ஒழுகியதால் 1959-இல் குவிமாடத்தின் கண்ணாடிகளைச் செப்புத் தகட்டால் மூடினர். பழுது நீக்கி 2003-இல் மீண்டும் பகலொளி புகச் செய்தனர்.

குவிமாடத்தினும் நம் உள்ளத்தைக் கவர்ந்தது இந்நூல் நிலையம் ஆற்றிய ஒரு தொண்டாகும். 1994-இல் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துடன் கூடி, ‘விக்நெட்’ என்னும் அமைப்பை இது தொடங்கிற்று. இணையத்தைப் பெரும்பாலோர் அறியாத காலம் அது. ஊர்ச் சங்கங்களும் குடியேறிய மக்களின் அமைப்புகளும் தத்தமக்கு வலைத்தளம் அமைத்துக்கொள்ள, விக்நெட் இடமளித்தது, பயிற்சியும் தந்தது. கிரேக்கர், இத்தாலியர், வியட்நாமியர் எனப் பலமொழியினர் வாழும் நகரமாதலால், ஆங்கிலமல்லாத மொழிகளுக்காகவும் உழைத்தது. பிறர் எழுதியதைப் படிக்கத் தரும் நூல் நிலையம், மக்கள் தம் செய்தியைத் தாமே எழுதவும் துணைநின்றது.

இன்று விக்நெட் இல்லை. ஆயினும், ஆஸ்திரேலியத் தேசிய நூல் நிலையம் 1996-இல் தொடங்கிய ‘பண்டோரா’ என்னும் காப்பகத்தில் மாநில நூல் நிலையங்களும் பங்குகொண்டு, தேர்ந்தெடுத்த வலைத்தளங்களின் படிகளைச் சேமித்தன. எழுதக் கற்பிப்பதோடு, எழுதியதைக் காப்பதும் நூல் நிலையத்தின் கடமையன்றோ!

இனி நம் நிலையை எண்ணிப் பார்ப்போம். தமிழகத்திற்கு வெளியே நம்மவர் வளர்த்த சங்கங்கள் பல. அவற்றின் ஆண்டறிக்கைகளும் நாடக அழைப்பிதழ்களும் விழா மலர்களும் யாரோ ஒரு முன்னாள் செயலாளர் வீட்டுப் பெட்டியில் கிடக்கின்றன. வலைத்தளம் உள்ள சங்கத்திலும், அதனை அமைத்த இளைஞர் வேலை மாறி வேற்றூர் சென்றால் கடவுச்சொல்லும் அவருடனே போய்விடுகிறது. ஆண்டுக் கட்டணம் செலுத்துவாரின்றி ஒருநாள் தளமே மறைந்துவிடுகிறது. இன்னொரு துன்பமும் உண்டு. தனி எழுத்துருக்களில் முன்னர் அமைத்த தமிழ்ப் பக்கங்களை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. நாமும் அதிலேயே எழுதுதல் நன்று.

நூலகம் உள்ள சங்கங்கள் இப்பணியை நூலகரிடமே ஒப்படைக்கலாம். கடவுச்சொல் தனியொருவரிடமன்றி நூலகத்தின் பொறுப்பில் இருக்கட்டும். ஞாயிறுதோறும் முதியோர் பழஞ்செய்திகளைச் சொல்ல, பிள்ளைகள் தட்டச்சு செய்யட்டும்; அவர்களுக்குத் தமிழ்ப் பயிற்சியும் ஆகும். ஒவ்வொரு பக்கத்திற்கும் ஓர் அச்சுப்படி அலமாரியில் இருத்தல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பொறுப்பேற்பார் இருவர் மூவர் போதும்.

நம் முன்னோர் இவ்வூர்களுக்கு எப்படி வந்தனர், எப்படி ஒன்றுகூடினர் என்பதை அறிந்த பெரியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். காலந்தாழ்த்தாமல் அன்பர்கள் ஆவன செய்வார்களாக.