சத்தம் போடாத டீசல்

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வடக்கனந்தல். பொட்டி தட்டற ஆளு ஊருக்குப் போனா என்ன பண்ணுவான்? முதல் ரெண்டு நாள் கோமுகி டேம், கல்வராயன் மலை அடிவாரம்னு பைக்ல சுத்துவான். மூணாவது நாள் மறுபடியும் பொட்டியத்தான் தொறப்பான். நானும் திண்ணைல உக்காந்து லேப்டாப்ல ஒரு அரதப் பழசான கேம் ஆடிக்கிட்டிருந்தேன். 'ரேஸ் டிரைவர்: கிரிட்', 2008-ல் வந்தது. அப்பா எப்ப பின்னாடி வந்து நின்னாருன்னே தெரியல.

"என்னாடா வண்டி இது?"

"ஆடி ஆர்10-ப்பா. டீசல் வண்டி."

"டீசலா? போடா. சத்தத்தயே காணும். புகை எங்க?"

எங்கப்பா இதைக் கேட்டா அதுல நியாயம் இருக்கும். முப்பது வருஷமா டிராக்டர்ல கரும்பு லோடு அடிக்கறவர். தெருவுல ஒரு வண்டி போனா வீட்டுக்குள்ள இருந்தபடியே "நாசில் போச்சு"ன்னு சொல்லிடுவார். நமக்கெல்லாம் ஆபீஸ்ல லாக் ஃபைலை நாள் பூரா நோண்டினாலும் எது போச்சுன்னு தெரியறதில்ல :)

இங்க லைட்டா கொசுவத்தி சுத்திக்கறேன். இந்த ஆர்10 எனக்கு எஞ்சினியரிங் ஹாஸ்டல்ல பழக்கம். ரூம்மேட்டோட ஹார்ட் டிஸ்க்ல இருந்த கேம். அதுல ஒவ்வொரு சீசன் முடிவுலயும் பிரான்ஸ்ல நடக்கற லெமான்ஸ் 24 மணி நேரப் பந்தயம் வரும். நிஜத்துல ஒரு சுத்து 13.6 கிலோமீட்டர், பகல் ராத்திரி பூரா ஓட்டணும், ஒரு காரை மூணு பேர் மாத்தி மாத்தி ஓட்டுவாங்க. கேம்ல சில நிமிஷத்துக்குள்ள சூரியன் மறைஞ்சு மறுபடி உதிச்சிடும். கீபோர்டு அம்புக்குறியிலயே நான் பல தடவை லெமான்ஸ் ஜெயிச்சிருக்கேன். ஹி ஹி.

அப்பாவுக்கு அவர் பாஷையிலயே சொல்லிப் பார்த்தேன். 12 சிலிண்டர், 5.5 லிட்டர் எஞ்சின், ரெண்டு டர்போ. 650 குதிரைக்கு மேல. நம்ம 45 குதிரை டிராக்டர் பதினாலை ஒண்ணா பூட்டின மாதிரி. வேகத்தை விட இழுவைதான் அதோட பலம், 1100 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். பெட்ரோல் ரேஸ் எஞ்சின் மாதிரி கத்திக்கிட்டு சுத்த வேண்டியதில்ல, 3000-ல இருந்து 5000 சுத்துக்குள்ள வேலையை முடிச்சிடும். அவ்வளவு இழுவை இருக்கறதால கியரே அஞ்சு போதும்னு விட்டுட்டாங்க. புகை வராம இருக்க சைலன்சர் வழியில வடிகட்டி. 2006-ல் லெமான்ஸ் ஜெயிச்சு, அங்க ஜெயிச்ச முதல் டீசல் வண்டி ஆச்சு. 2007, 2008-லயும் அதேதான்.

"இழுவைன்னா சரி"ன்னு தலையாட்டினார். டீசலுக்கு ஒரு மரியாதை கிடைச்சதுல அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்னு நினைக்கறேன்.

அதோட நிறுத்தியிருக்கலாம். நான்தான் வாய் வச்சுக்கிட்டு சும்மா இல்லாம, "இந்த வண்டிய நம்ம கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் ஓட்ட வேண்டியதுப்பா"ன்னு ஆரம்பிச்சேன்.

நரேன் கார்த்திகேயன் கதை உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 2005-ல் ஜோர்டான் டீம்ல ஃபார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியர். அந்த டீமை அப்ப நடத்தின காலின் கோலஸ், பின்னாடி தன் பேர்லயே ஒரு டீம் வச்சு லெமான்ஸ் பக்கம் வந்தார். 2009-ல் ஆடி புதுசா ஆர்15-ஐ இறக்கினதும், பழைய ஆர்10 ரெண்டு கோலஸ் கைக்கு வந்துச்சு. செகண்ட் ஹேண்ட் வண்டிதான், ஆனா மூணு தடவை ஜெயிச்ச ஜாதி. 14-ம் நம்பர் காருக்கு மூணு பேர்: நரேன், ஜெர்மனிக்காரர் ஆந்த்ரே லாட்டரர், நெதர்லாந்துக்காரர் சார்ல்ஸ் ஸ்வால்ஸ்மன்.

ஜூன் 13, சனிக்கிழமை. ரேஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பிட் சுவரைத் தாண்டறப்ப நரேன் கீழ விழுந்துட்டார். தோள் மூட்டு விலகிடுச்சு. டாக்டருங்க ஓட்டக்கூடாதுன்னுட்டாங்க. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல போற வண்டியில எதுவும் ஆகல. ஒரு சின்ன சுவர்.

மீதி ரெண்டு பேர் 24 மணி நேரத்தையும் பங்கு போட்டு ஓட்டினாங்க. லாட்டரருக்கு அதுதான் முதல் லெமான்ஸ். வண்டி நிக்கல, உடையல. ஏழாவது இடம். அந்த வருஷம் முதல் இடம் இன்னொரு டீசல் வண்டியான பியூஜோ 908-க்குப் போச்சு. லாட்டரரை 2010-ல் ஆடி தன்னோட டீம்லயே சேத்துக்கிச்சு. 2011, 2012, 2014-னு மூணு தடவை லெமான்ஸ் ஜெயிச்சார். லெமான்ஸ்ல நிஜமாவே பந்தயம் ஓட்டின முதல் இந்தியர்ங்கற பேரு 2012-ல் சென்னைக்காரர் கருண் சந்தோக்குக்குப் போச்சு. அவருக்கு ஆறாவது இடம்.

இதை நான் ஒரு சுவாரஸ்யமான தகவலாத்தான் சொன்னேன். சொல்லி முடிச்சப்புறம்தான் அப்பாவோட வலது கை எங்க இருக்குன்னு பார்த்தேன். இடது கையால தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னார்.

நான் மூணாவது வருஷம் படிக்கறப்ப, கரும்பு சீசன்ல, அப்பா டிராக்டர்ல இருந்து இறங்கறப்ப கால் வழுக்கி விழுந்தார். தினம் நாப்பது தடவை ஏறி இறங்கற வண்டி. அதே தோள் மூட்டுதான். கட்டிங் ஆர்டர் வந்து, வெட்டாளுங்க வயல்ல இறங்கியாச்சு. கரும்பை வெட்டிட்டா காத்திருக்க முடியாது, காயக் காய எடை போயிடும். சித்தப்பா பையன் அண்ணன்தான் வண்டிய எடுத்தான்.

நான் ஸ்டடி ஹாலிடேஸுக்கு வந்து பார்த்தப்ப அப்பா இதே திண்ணைல கயித்துக் கட்டில்ல கட்டு போட்ட கையோட படுத்திருந்தார். ராத்திரி லோடு ரோட்டுல போற சத்தம் கேக்கும். கண்ணைத் திறக்காமயே, "செகண்டுல இழுக்கணும், தேர்டு போட்டுட்டான் பாரு"ன்னு முனகுவார். வண்டி திரும்பி வர்ற வரைக்கும் தூங்க மாட்டார். வந்ததும் அவனைக் கூப்பிட்டு ஒண்ணும் கேக்கவும் மாட்டார்.

சீசன் முடிஞ்சப்ப ஒரு லோடு கூட மிஸ் ஆகல. நான் ஆறுதல் சொல்றதா நினைச்சு, "அதான் எல்லா லோடும் போயிடுச்சில்ல, விடுப்பா"ன்னு சொன்னேன். அப்பா ஒண்ணும் பேசாம சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். ஏன் கோவம்னு அன்னிக்கு எனக்குப் புரியல. பணமும் வந்துடுச்சு, கரும்பும் காயல, அப்புறம் என்னன்னு தோணுச்சு.

சில வருஷம் கழிச்சு பெங்களூர்ல ஒரு ராத்திரி, ஆணி புடுங்கி முடிச்சிட்டு, அந்த 2009 ரேஸ் ரிசல்ட்டைப் பார்த்துக்கிட்டிருந்தப்பதான் உறைச்சது. அந்த 14-ம் நம்பர் வண்டி ரெண்டாவது மணி நேரத்துலயே எஞ்சின் போய் நின்னிருந்தா நரேனுக்குக் கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும். அது நிக்காம ஓடி ஏழாவதா வந்துச்சு. அவர் இல்லாமயே வந்துச்சு. நான் அப்பாகிட்ட ஆறுதல்னு சொன்னதும் அதேதான்: நீ இல்லாமயே நடந்துடுச்சுப்பா.

அப்பாவுக்கு இன்னிக்கும் அந்தக் கை தோளுக்கு மேல தூக்க வராது. டிராக்டர் ஓட்டறார். ஏறறப்ப மட்டும் இடது கையால பிடிச்சு ஏறறார்.

திண்ணைல ஸ்கிரீனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டிருந்துட்டுக் கேட்டார்.

"அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான்?"

"2011-ல் மறுபடி ஃபார்முலா ஒன் போனார். அதுவும் அந்தக் கோலஸ் நடத்தின டீம்தான். அந்த வருஷம் டெல்லி பக்கத்துல நடந்த ரேஸ்லயும் ஓட்டினார்."

"அது சரி. தோளு?"

"சரியாயிடுச்சுப்பா."

"முழுசா தூக்க வந்துச்சாமா?"

"அப்புறம் பத்து வருஷம் ரேஸ் ஓட்டியிருக்கார். 2019-ல் ஜப்பான்ல ஒரு ரேஸ் ஜெயிச்சார்."

"ம்."

உள்ள போகப் போனவர் வாசப்படியில நின்னார். "காலைல வண்டிக்கு ஆயில் மாத்தணும். எழுப்பறேன், வா. ஒத்தைக் கையால அந்த நட்டு திரும்ப மாட்டேங்குது."