மண்ணெண்ணெய் வாசமும் மதுரை மல்லியும்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் குடிகாரன் இல்லை. (எல்லாக் குடிகாரனும் இப்படித்தான் ஆரம்பிப்பான்னு நீங்க முணுமுணுக்கறது கேட்குது. கொஞ்சம் பொறுங்க.)

போன பொங்கலுக்கு லீவு போட்டுட்டு பெங்களூர்ல இருந்து ஊருக்கு வந்திருந்தேன். காளவாசல் வீடு, காலை பத்து மணி. துவைக்கிறதுக்குத் துணி எடுக்கறேன்னு என் பையைத் திறந்த அம்மா, கையில ஒரு கோடு போட்ட நோட்டோட வந்து நின்னாங்க.

"ஏன்டா, மண்ணெண்ணெய் வாசம்னு எழுதிருக்க. எதைடா குடிச்ச?"

இதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியாது. அன்னிக்கும் முடியலை. அதான் இந்தப் பதிவு.

பெங்களூர்ல மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை நாங்க அஞ்சு பேர் ஒரு வீட்டுல கூடுவோம். மூணு வெள்ளை ஒயின் பாட்டில், லேபிள் தெரியாம நியூஸ் பேப்பர்ல சுத்தி வச்சது. ஆளுக்கு ரெண்டு மடக்கு. மோந்து பார்த்து, வாயில வச்சு, பெரும்பாலும் ஒரு டம்ளர்ல துப்பிட்டு, நோட்டுல எழுதணும். அப்புறம் சுத்தியிருக்கிற பேப்பரைப் பிரிச்சு, எழுதினதை ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வாசிச்சு, சண்டை போடணும். அந்தச் சண்டைக்காகத்தான் அஞ்சு பேரும் வர்றோம்ங்கறது என் அபிப்பிராயம்.

சிவப்பு ஒயின் கூடாது, ஷார்டனே கூடாதுன்னு ரெண்டு விதி. அதைப் பத்தி உலகம் பூரா பேசியாச்சுன்னு காரைக்குடி அண்ணன் சொல்லிட்டாரு. குழுவுலயே மூத்தவர் அவர்தான், பாட்டிலைத் தேடிப் பிடிக்கிறதும் அவர்தான். அப்புறம் கோட்டயத்துக்காரங்க ஒரு அக்கா, நாசிக்ல திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்துலயே பொறந்து வளர்ந்த ஒரு பையன், அவனோட ரூம்மேட், நான். ரூம்மேட் எல்லாத்துக்கும் "நல்லா இருக்கு"ன்னு மட்டும் எழுதுவான். பல நாள் அவன் சொன்னதுதான் கரெக்டா இருந்திருக்கு :-)

முதல் நாள் எனக்கு ஒண்ணுமே பிடிபடலை. புளிக்குதுன்னு எழுதினேன். மத்தவங்க கூஸ்பெர்ரி, பச்சை ஆப்பிள், ஏப்ரிகாட்னு வரிசையா அடுக்கறாங்க. கூஸ்பெர்ரின்னா நெல்லிக்காய்தானேன்னு நானும் அடுத்த தடவை நெல்லிக்காயைத் தேடித் தேடி மோந்தேன். வரவே இல்லை. ஏன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. ஐரோப்பாவுல கூஸ்பெர்ரின்னு சொல்றது வேற செடி, வேற குடும்பம். நம்ம நெல்லிக்கு வெள்ளைக்காரன் 'இந்தியன் கூஸ்பெர்ரி'ன்னு பேரு வச்சுட்டுப் போனதோட சரி, ரெண்டுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. ஏப்ரிகாட்டும் அதே கதைதான். அஞ்சு பேர்ல ஒருத்தரும் அதை மரத்துல பறிச்சுத் தின்னது இல்லை, ஆனா அஞ்சு நோட்டுலயும் இருந்துச்சு. எங்கிருந்து வந்துச்சு? கலிபோர்னியாவுல ஆன் நோபிள்னு ஒரு பேராசிரியை 1984-ல வாசனைச் சக்கரம் ஒண்ணு வெளியிட்டாங்க. ஒயின்ல வர்ற வாசனையை எல்லாம் வட்டம் போட்டுப் பிரிச்சு வச்ச படம். அதைப் பார்த்து நாங்க காப்பியடிச்சுக்கிட்டு இருந்தோம். செமஸ்டர் எக்ஸாம் பழக்கம், அவ்வளவு சீக்கிரம் போகுமா?

அன்னிக்கு மூணாவது விதி போட்டோம். அவனவன் ஊர்ல, அவனவன் வீட்டுல மோந்த வாசனையை மட்டும்தான் எழுதணும்.

அதுக்கப்புறம்தான் ஆட்டம் சூடு பிடிச்சது. சாவிஞான் பிளாங்க்னு ஒரு திராட்சை. அதுக்கு நாசிக்காரன் குடைமிளகாய்னு எழுதினான், கோட்டயம் அக்கா கொய்யான்னாங்க, நான் எங்க தெரு மாடிப்படிக்கு அடியில பூனை இருக்கிற இடம்னு எழுதினேன். எல்லாரும் சிரிச்சாங்க. வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தா மூணும் சரி. மெத்தாக்ஸிபைரஸின்னு ஒரு சரக்கு, லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே குடைமிளகாய் வாசம் அடிக்கும். கொய்யாவும் பூனையும் கந்தகம் கலந்த தயால்ங்கற இன்னொரு கூட்டத்துல இருந்து வருது. பூனை மூத்திரம்னு வெளிநாட்டு விமர்சகர்களே எழுதறாங்க, அதுவும் பாராட்டா!

வியோனியேன்னு ஒரு திராட்சை இருக்கு. பிரான்ஸ்ல ரோன் ஆத்துக்கு வடக்குப் பக்கம் 1960-கள்ல சில ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கி, அழியப் பார்த்து, அப்புறம் பிழைச்ச ரகம். இன்னிக்கு நம்ம நந்தி மலை அடிவாரத்துல குரோவர் ஜம்பாக்காரங்க அதுல ஒயின் போடறாங்க. அதுக்குக் காரைக்குடி அண்ணன் மாம்பழம்னாரு, அக்கா செண்பகம்னாங்க. ரெண்டு பேரும் அரை மணி நேரம் விட்டுக் கொடுக்கலை. கடைசியில பார்த்தா அண்ணன் வீட்டுல செண்பக மரமே கிடையாதாம். ஒருத்தரோட மூக்குங்கறது அவர் வளர்ந்த வீட்டுக் கொல்லைப்புறம்தான் போலிருக்கு.

நான் சாஃப்ட்வேர்க்காரன் இல்லையா, சும்மா இருப்பேனா? எல்லாத்தையும் எக்ஸெல்ல ஏத்தினேன். புளிப்பு, இனிப்பு, கசப்பு இதுல எல்லாம் அஞ்சு பேரும் கிட்டத்தட்ட ஒத்துப்போறோம். வாசனைன்னு வந்துட்டா ஆளுக்கொரு திசை. இது எங்க கோளாறு மட்டும் இல்லை. பிரான்ஸ்ல போர்டோவுல ஒரு சோதனை பண்ணி 2001-ல வெளியிட்டாங்க. ஒயின் படிக்கிற 54 மாணவர்கள்கிட்ட வாசனையே இல்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தாங்க. அவங்களும் சிவப்பு ஒயினுக்குச் சொல்ற வார்த்தைகளையே எழுதிக் கொடுத்துட்டாங்க. நாமளும் பண்ணுவோம்னு நாசிக்காரன் பீட்ரூட்டைத் தூக்கிட்டு வந்தான். பீட்ரூட்டுக்கே ஒரு மண் வாசனை இருக்கு, கெட்டுப்போகும்னு அண்ணன் துரத்திவிட்டாரு.

மண்ணெண்ணெய்க்கு வர்றேன். ரீஸ்லிங். ஜெர்மனி ரகம். நல்ல வெயில் பட்ட பழமா இருந்து, பாட்டில்லயும் சில வருஷம் கிடந்ததுன்னா டி.டி.என்-ங்கற ஒரு சேர்மம் கூடிக்கிட்டே போகும். வாசனை அப்படியே எரியெண்ணெய். வெளிநாட்டுல பெட்ரோல்னு எழுதறாங்க. எனக்கு வந்தது பெட்ரோல் இல்லை. உசிலம்பட்டியில அம்மாச்சி வீட்டுல பம்ப் ஸ்டவ் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நொடி வருமே, அது. அதைத்தான் எழுதியிருந்தேன். அதுக்குக் கீழயே 'மழை விழுந்த செங்கல்'னும் எழுதியிருந்தேன். காளவாசல்னாலே செங்கல் சுடுற சூளைதான். இன்னிக்கு மேம்பாலமும் பஸ் ஹாரனும்தான் இருக்குன்னாலும் எங்க ஊர்ப் பேரை ஒரு ரீஸ்லிங்ல ஏத்திட்டதுல எனக்கு ஒரு சின்னப் பெருமை.

இப்போ அந்த நோட்டோட மூணாவது பக்கம். டொரான்டெஸ். பேரே கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, நானும் கேட்டதில்லை. அர்ஜென்டினாவுல சால்ட்டா மாகாணத்துல கடல் மட்டத்துக்கு 1700 மீட்டர் மேல விளையற திராட்சை. பேப்பர் சுத்தின பாட்டில்ல இருந்து ஊத்தினதும் மூக்கை விட்டேன், அப்படியே உட்கார்ந்துட்டேன். மல்லி. சும்மா மல்லி இல்லை, மதுரை மல்லி. சாயங்காலம் அஞ்சு மணி, தொடுத்து முடிச்சு, ஈரத்துணியில சுருட்டி வச்ச மல்லி. வாயில வச்சா இனிப்பு எதிர்பார்ப்போம், ஆனா துளி இனிப்பு இல்லை, கடைசியில ஒரு கசப்பு.

மத்தவங்க ஒத்துக்கலை. அக்கா ரோஸ்னாங்க. நாசிக்காரன் சோப்புன்னான். ரூம்மேட் நல்லா இருக்குன்னான். எனக்கு மட்டும்தான் மல்லி. சண்டை போட்டுப் பார்த்தேன், நாலுக்கு ஒண்ணு, தோத்துட்டேன்.

ராத்திரி ரூமுக்கு வந்து தேடினேன். லினலூல்ங்கற வாசனைச் சேர்மம் மல்லிகையிலயும் இருக்கு, மஸ்கட் வகைத் திராட்சையிலயும் இருக்கு. டொரான்டெஸோட பெத்தவங்கள்ல ஒண்ணு அலெக்ஸாண்ட்ரியா மஸ்கட். சரி, நம்ம கம்பம் பன்னீர் திராட்சை யாரு? அது ஹாம்பர்க் மஸ்கட். அதோட பெத்தவங்கள்ல ஒண்ணும் அதே அலெக்ஸாண்ட்ரியா மஸ்கட்தான்! 2023-ல புவிசார் குறியீடு வாங்குன நம்ம பன்னீர் திராட்சையும் அர்ஜென்டினா மலையில விளையற டொரான்டெஸும் ஒரு வகையில உடன்பொறப்பு. கம்பத்துல இருந்து தேனி ரோட்டுல வந்து எங்க காளவாசல் ஓரத்துல தள்ளுவண்டியில குவிச்சு வச்சிருப்பாங்களே, அந்தக் கறுப்புப் பழம். சின்ன வயசுல தோலைப் பிதுக்கித் துப்பிட்டுத் தின்ன பழம். என் மூக்கு பொய் சொல்லலைன்னு அன்னிக்குத் தூக்கமே வரலை.

இதையெல்லாம் அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?

ஏன்னா எங்க வீட்டுல குடிங்கற வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். அப்பா லேத் பட்டறையில வேலை பார்த்தாரு. கை சுத்தமான வேலைக்காரர்னு இன்னிக்கும் சொல்வாங்க. 2014-ல, நான் பிளஸ் டூ படிச்சுக்கிட்டு இருந்தப்போ, ஈரல் கெட்டுப்போய் பெரியாஸ்பத்திரியில பதினோரு நாள் கிடந்து செத்துப்போனாரு. அதுக்கு முன்னாடி நடந்த பத்து வருஷத்தை நான் எழுதப் போறதில்லை. எழுதாமலே பல பேருக்குத் தெரியும்.

சொன்னேன். திராட்சை, வாசனை, பேப்பர் சுத்தறது, எல்லாம் சொன்னேன். அம்மா நின்னபடியே கேட்டாங்க.

"துப்பிருவோம்மா. முழுங்கறது கொஞ்சம்தான்."

"துப்புறதுக்கா காசு குடுத்து வாங்குறீங்க?"

பதில் இல்லை. அம்மா நோட்டைப் புரட்டினாங்க. எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, விரல் வச்சு எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாங்க. மூணாவது பக்கத்துல விரல் நின்னுச்சு. 'மதுரை மல்லி. சாயங்காலம். ஈரத்துணி.'

அப்பா போனதுல இருந்து அம்மா பூ வைக்கறதில்லை. இந்தக் காலத்துல என்னம்மா, வச்சுக்கன்னு நானும் சித்தியும் பல தடவை சொல்லிட்டோம். சாமி படத்துக்கு மட்டும் தினம் ஒரு முழம் வாங்குவாங்க. நான் அந்த வரியை எழுதறப்போ இதெல்லாம் என் மண்டையிலேயே இல்லை. சத்தியமா இல்லை. நல்லா எழுதிட்டோம்னு மட்டும்தான் நினைச்சேன்.

"உங்கப்பாகிட்ட ஒரு நாளும் மல்லி வாசம் வந்ததில்லடா"ன்னாங்க.

கோபமா சொல்லலை. அரிசி விலை ஏறிடுச்சுங்கற மாதிரி சொன்னாங்க. நோட்டை மூடி பைக்குள்ள வச்சாங்க. துணியை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிட்டாங்க.

நான் சமாதானத்துக்குத் தள்ளுவண்டியில அரைக் கிலோ பன்னீர் திராட்சை வாங்கிட்டு வந்து, இந்தப் பழத்தோட சொந்தக்காரப் பழம்தான்மா அதுன்னு ஆரம்பிச்சேன். "சொந்தக்காரன்லயும் குடிக்கிறவன் இருக்கான், குடிக்காதவன் இருக்கான்"னாங்க. பழத்தை மட்டும் கழுவி வச்சாங்க, ரெண்டு பேரும் தின்னோம். கொட்டையைத் துப்பறப்போ என்னைப் பார்த்து லேசா சிரிச்ச மாதிரி இருந்துச்சு. சிரிச்சாங்களான்னு இப்பவும் தெரியலை.

விட்டுடலாமான்னு யோசிச்சேன். குழுவுல சொன்னப்போ அக்கா, "மோந்து மட்டும் பாரு, வாயில வைக்காத"ன்னாங்க. அதையும் ஒரு மாசம் செஞ்சு பார்த்தேன். மூக்குக்குப் பாதிதான் கிடைக்குது. மீதி வாயில வச்ச பிறகு தொண்டை வழியா மூக்குக்கு ஏறுற வாசனையிலதான் இருக்கு. இப்போ வாயில வைக்கிறேன், முழுங்கறதில்லை. அப்பாவோட ரத்தம் என்கிட்டயும் ஓடுது, அந்தக் கணக்கு எனக்கும் தெரியும்.

அன்னிக்கு ராத்திரி பைபாஸ் ரோட்டுல பெங்களூர் பஸ்ஸுக்கு நிக்கறப்போ அம்மாவும் கூட வந்தாங்க. பஸ் வெளிச்சம் தெரிஞ்சப்புறம்தான் வாயைத் திறந்தாங்க.

"அடுத்த மாசமும் போவியா?"

"போவேன்மா."

"போயிட்டு வந்து அன்னிக்கு ராத்திரியே எனக்குப் போன் பண்ணு. எத்தனை மணி ஆனாலும் பண்ணு."

அதுல இருந்து ரெண்டாவது சனிக்கிழமை ராத்திரி ரூமுக்கு வந்ததும் முதல் வேலை அதுதான். அம்மா ஒயினைப் பத்தி ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்க. என்ன சாப்பிட்ட, தண்ணி வருதா, பக்கத்து வீட்டுக்காரங்க மக கல்யாணத்துக்கு வருவியா, இப்படித்தான். கேட்டதையே திரும்பக் கேட்பாங்க. அப்பா வாசல்ல செருப்பைக் கழட்டறப்போ பேர் சொல்லிக் கூப்பிடுவாரே, அந்த ஒரு வார்த்தையிலேயே இன்னிக்கு எவ்வளவுன்னு கண்டுபிடிக்கிறவங்க எங்கம்மா.

போன சனிக்கிழமையும் கூப்பிட்டேன். இட்லிக்கு என்ன தொட்டுக்கிட்டன்னு கேட்டாங்க. தக்காளிச் சட்னின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கேட்டாங்க. தக்காளிச் சட்னிம்மா, தக்காளிச் சட்னின்னு நிறுத்தி நிதானமா சொன்னேன்.

"சரி, படு"ன்னு வச்சுட்டாங்க.