பல்லுக்குள் இருந்த காற்று

பல்லில் ஏதேனும் தொந்தரவு உண்டா என்று பயிற்சியாளர் கேட்டபோது இல்லை என்றேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. இரண்டு மாதங்களுக்கு முன் மேல்தாடைக் கடைவாய்ப்பல்லைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு, பத்து நாளில் திரும்பி வரச் சொல்லியிருந்தார் பல் மருத்துவர். வலி நின்றுவிட்டதால் நான் போகவில்லை. நின்றுபோன வலியை யார் நோயாகக் கணக்கில் வைக்கிறார்கள்?

அந்தமானின் ஹேவ்லாக் தீவு அது. 2018இலிருந்து ஸ்வராஜ் த்வீப் என்று பெயர். கல்லூரியில் படிக்கும் மகனின் நெடுநாள் ஆசைக்காக இருவரும் ஸ்கூபா பயிற்சியில் சேர்ந்திருந்தோம். நீருக்கடியில் எவரும் தனியாள் அல்லர் என்பது அங்கே முதல் பாடம். ஒவ்வொருவருக்கும் ஓர் இணை உண்டு. ஒருவர் மேலேறினால் மற்றவரும் ஏற வேண்டும். என் இணை மகன்தான்.

கடைசி நாள் முழுக்கில் 12 மீட்டரை நெருங்கியபோது அந்தப் பல் விழித்துக்கொண்டது. முதலில் மெல்லிய ஓர் அழுத்தம். பின்னர் கம்பியால் குடைவது போன்ற வலி. வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் மூச்சுக் கருவி நழுவிவிடும். உள்ளங்கையை விரித்து அசைத்து, கன்னத்தைச் சுட்டிக் காட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் மகனின் கண்கள் விரிந்தன. உதைத்துக்கொண்டு மேலே பாயவே என் உடல் துடித்தது. பதற்றத்தில் மூச்சை அடக்கியபடி அப்படிப் பாய்ந்தால், விரியும் காற்றில் நுரையீரல் கிழிந்துவிடலாம். மகன் என் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டான். பயிற்சியாளர் முன்செல்ல, மெதுவாக ஏறினோம். சில மீட்டர்களிலேயே வலி தணியத் தொடங்கியது.

காரணம் எளிமையானது. கடலில் இறங்கும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட விதிப்படி, 10 மீட்டர் ஆழத்தில் காற்றின் கன அளவு பாதியாகிவிடும். காதுக்குள் இருக்கும் காற்றை மூக்கைப் பிடித்து ஊதிச் சமன்செய்துவிடலாம். பல்லடைப்பின் கீழே சிக்கிய காற்றுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. கெட்டிச் சுவர்களுக்கு நடுவே அது சுருங்கும்போது, உள்ளிருக்கும் மென்மையான திசு இழுபடுகிறது. நலமான பல்லில் காற்றில்லை. அதனால் இந்த வலியும் இல்லை. விமானிகளுக்கு இதன் மறுபக்கம் நேர்வதுண்டு: உயரே போகப்போகச் சிக்கிய காற்று விரிந்து வலிக்கும். பாரோடான்டால்ஜியா என்பது மருத்துவப் பெயர்.

ஊர் திரும்பியதும் பல் மருத்துவரிடம் போனேன். மேல்தாடைப் பின்பற்களின் வேர்கள் சைனஸ் குழிவை ஒட்டியிருப்பதால் சைனஸ் வலியும் பல்வலி போலவே தோன்றக்கூடும் என்றவர், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். அடைப்பின் கீழே சொத்தை பரவியிருந்தது. வேர்ச்சிகிச்சை செய்யவேண்டி வந்தது.

அந்த வலி இப்போது மறந்துவிட்டது. மறக்காதது படகில் நடந்த உரையாடல். அவனுடைய முழுக்கும் என்னால் பாதியில் முடிந்திருந்தது. அதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை என்னிடம் நீட்டியபடி, "முன்னாடியே தெரியுமாப்பா?" என்று மட்டும் கேட்டான். தெரியும் என்றேன். அந்தப் பயணத்தில் நான் சொன்ன முதல் சரியான பதில் அதுதான்.