மாதிரியின் வாய்மை

நீதிமன்றத்திலே சாட்சி பிறழ்ந்தால் குற்றமற்றவன் தண்டனை பெறுவான். ஆய்வுகூடத்திலே வாயில்லாச் சீவனின் பொருட்டுச் சாட்சி சொல்வது சிறு குழாயில் அடங்கிய சில துளிப் பால். மிருக வைத்தியம் பயிலும் எனக்கு, நோய்களின் நீண்ட பெயர்களிலும் பார்க்க அக்குழாயை ஏந்தும் கையின் ஒழுக்கமே பெரிதும் சிந்தனைக்குரியதாய்த் தோன்றுகின்றது.

மடியழற்சி நோயை எடுத்துக்கொள்வோம். பசுவின் மடியிலிருந்து பால் மாதிரி பெறுதல் எளிய செயலென்றே எவரும் கருதுவர். ஆயின் காம்பின் நுனியிலும், கறப்பவர் கையிலும், தொழுவத்துச் சாணத்திலும் கிருமிகள் நிறைந்துள்ளன. ஆதலால் முதலிற் பீச்சும் பாலை விலக்கிவிட்டு, 70 சதவீத மதுசாரத்தில் நனைத்த பஞ்சினால் நுனியைத் துடைத்தல் வேண்டும். ஒவ்வொரு காம்புக்கும் புதிய பஞ்சு. துடைக்கும்போது நமக்குத் தொலைவிலுள்ள காம்புகளிலே தொடங்க வேண்டும். பால் எடுக்கும்போதோ அருகிலுள்ளவற்றிலே தொடங்க வேண்டும். துடைத்த காம்பின்மீது நமது கை உராயாதிருக்கவே இவ்வொழுங்கு. மேலிருந்து உரோமமும் தூசியும் விழாதவாறு குழாயைச் சரித்துப் பிடிப்பதும், மூடியின் உட்புறத்தைத் தொடாதிருப்பதும், பசுவுக்குப் பசு கையுறை மாற்றுவதும் இவ்வாறே காரணத்தோடு கூடியவை.

ஒரு மாதிரியில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இனப் பற்றீரியாக்கள் வளருமாயின், அது மாசுற்றதென வழக்கமாகக் கொள்ளப்படும். அப்பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். அதனினும் அஞ்சத்தக்கது வேறொன்றுண்டு. நோயுற்ற பசுவின் பாற்றுளி கையுறையில் ஒட்டி அடுத்த பசுவின் குழாயினுட் சேருமாயின், அங்கே ஒரே இனக் கிருமி ஒழுங்காக வளரும், ஐயத்துக்கு இடமிராது. அது மருந்துக்கு இலகுவில் இணங்காத ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் ஆயின், நலமான பசு மந்தையினின்றே நீக்கப்படவும் கூடும். இரண்டு பசுக்களை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது எத்தகைய இழப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

முறைகள் நுட்பமடைந்தால் இவ்வபாயம் தானே நீங்கிவிடும் என எண்ணுதல் பொருந்தாது. 1983இல் கேரி முல்லிஸ் கண்ட பொலிமரேஸ் தொடர்த்தாக்க முறையிலே, தேடப்படும் டீ.என்.ஏ. பகுதி சுற்றுக்கொருமுறை இரட்டிக்கின்றது; ஒன்று 30 சுற்றுகளில் நூறு கோடிக்கு மேலாகப் பெருகலாம். நோயின் சுவட்டைப் பெருக்கும் அம்முறை மாசின் சுவட்டையும் பெருக்கும். மதுசாரம் கிருமியைக் கொல்லுமேயன்றி அதன் டீ.என்.ஏ.யை அழித்துவிடாது, அதற்குச் சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசல் போன்றவை வேண்டும். செத்த கிருமியும் பொய்ச்சாட்சி சொல்ல வல்லது.

பசு நம்மிடம் வந்து முறையிடப் போவதில்லை. குழாயைத் திறப்பவரும் நாம் கையுறை மாற்றியதைக் கண்டவரல்லர். தொழுவத்திலே, பொழுதேறிக்கொண்டிருக்க, இன்னும் பத்துப் பசுக்கள் காத்துநிற்கும் வேளையிலும் அதனை மாற்றுவதற்கு அறிவு மாத்திரம் போதாது. விஞ்ஞானக் கல்வி நம்மிடம் கேட்பது அந்தப் பொறுமையையுந்தான்.