பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

உங்கள் காரின் பின் சீட்டில் நீங்கள் கடைசியாக உட்கார்ந்தது எப்போது? யோசித்துப் பாருங்கள். வாங்குவதற்கு முன் ஷோரூமில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, காலை நீட்டி, "ம்... இடம் தாராளம்" என்றிருப்பீர்கள். அதோடு சரி. அப்புறம் ஸ்டியரிங், ஏ.சி., பாட்டு என்று முன் சீட்டிலேயே உங்கள் வாழ்க்கை ஓடிவிட்டது. எனக்கும் அப்படித்தான். அதற்கு அபராதம் கட்டியது நான் இல்லை, என் அம்மா.

என் காருக்கு 80,000 கிலோமீட்டர் ஆகியிருந்தது. ஹைவேயில் 90-க்கு மேல் போனால் படகு மாதிரி ஆடும். வளைவில் ஒரு பக்கம் சாயும். அக்கா பையனிடம் சொல்லித் தொலைத்தேன். "மாமா, ஸ்டாக் சஸ்பென்ஷன் வேஸ்ட். லோயரிங் ஸ்பிரிங் போடுங்க. அப்படியே 16 இன்ச் அலாய். வண்டி ரோட்டுல ஒட்டிக்கும்" என்றான். இருபத்து நாலு வயதுப் பையன் நம்மைச் சமவயதுக்காரனாக மதித்துப் பேசினால் ஐம்பது வயது ஆண்பிள்ளைக்கு வரும் பெருமை இருக்கிறதே, அது சர்க்கரை வியாதியைவிட ஆபத்தானது.

போட்டேன். கார் மூன்றரை சென்டிமீட்டர் இறங்கியது. ஸ்பிரிங் இறுகியது. 14 இன்ச் சக்கரம் 16 ஆனது. செலவைச் சொல்ல மாட்டேன், வீட்டில் இந்தப் பத்திரிகை படிக்கிறார்கள். மறுநாள் விடியற்காலை தனியாக ஈ.சி.ஆரில் போனேன். வளைவில் சாயவே இல்லை. ஸ்டியரிங்கைத் தொட்டால் போதும், திரும்புகிறது. மனசுக்குள் நரேன் கார்த்திகேயன்!

★

அம்மா பிறந்தது செஞ்சிப் பக்கம். வயது 76. இடுப்பில் எல்-4, எல்-5 தகராறு. "கண்ணு நல்லா இருக்கும்போதே ஒரு தடவை மண்டகப்பட்டு பாத்துட்டு வந்துடணும்டா" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது அவள் அப்பா வில்வண்டியில் கூட்டிப்போன இடமாம். 'புதுசா சஸ்பென்ஷன் போட்டாச்சு, இப்போது போகாமல் எப்போது?' என்று கிளம்பினேன்.

திண்டிவனம் வரை நாலுவழிச் சாலை, பிரச்னை இல்லை. செஞ்சி ரோட்டில் திரும்பியதும் ஆரம்பித்தது. ஊருக்கு ஊர் வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் குலுங்காமல் தாண்டலாம். நம் ஊர்களில் இருப்பது வேறு ஜாதி. யாரோ ராத்திரியோடு ராத்திரியாகத் தாரைக் குவித்து வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். ஒவ்வொன்றிலும் 'டொம்' என்று ஒரு அடி. எனக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இருந்தது. பின்னால் அம்மாவுக்கு எதுவும் இல்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. செஞ்சிக் கோட்டை தெரிந்ததும், பேச்சை மாற்ற நான்தான் தேசிங்குராஜன் அடங்காத குதிரையை அடக்கிய கதையை எடுத்தேன். பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள்: "அடக்கினான் சரி. பின்னாடி அவங்கம்மாவை உட்கார வெச்சுக்கிட்டா அடக்கினான்?"

மண்டகப்பட்டு, செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிறது. வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தேன். அம்மா ஒரு காலை வெளியே வைத்தாள். எழுந்திருக்க முடியவில்லை. நெற்றியில் வேர்வை. "நீ போய்ப் பாத்துட்டு வா. நான் இப்படியே இருக்கேன்" என்றாள். ஐம்பது வருஷம் காத்திருந்த இடத்துக்கு எதிரில், காருக்குள்ளேயே.

போனேன். மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாறையைக் குடைந்து செய்த கோயில். இரண்டு பக்கமும் துவாரபாலகர்கள், நடுவில் தூண்கள், உள்ளே மூன்று சன்னிதிகள், மூன்றும் காலி. அங்கே ஒரு சம்ஸ்கிருதக் கல்வெட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல், பிரம்மாவுக்கும் ஈசுவரனுக்கும் விஷ்ணுவுக்கும் விசித்திரசித்தன் இதைச் செய்வித்தான் என்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர். என்னென்ன போட்டேன் என்று எல்லா ராஜாவும் எழுதுவான். என்னென்ன போடவில்லை என்று எழுதினவன் இவன். அங்கே நின்று என் பில்லை நினைத்துக்கொண்டேன். ஸ்பிரிங், அலாய், டயர், அது, இது. அத்தனையும் போட்டு, அம்மாவை இருபதடி நடக்க முடியாமல் செய்திருந்தேன்.

★

விழுப்புரம் போகிற வழியில் முன்சக்கரத்தில் சத்தம் வேறு. ஒரு பட்டறையில் நிறுத்தினேன். பெரியவர் ஒருவர், லுங்கியும் கிரீஸும். குனிந்து பார்த்தார். காரின் ஒரு மூலையை இரண்டு கையாலும் அழுத்தி விட்டார். கார் மூன்று நாலு தடவை எழும்பி எழும்பி நின்றது.

"ஷாக் அப்சர்வர் செத்துப்போய் நாளாச்சு சார். எண்ணெ ஒழுவியிருக்கு பாருங்க. அதை மாத்தாம ஸ்பிரிங்க மாத்தியிருக்காங்க."

ஷாக் அப்சார்பரை நம் ஊரில் பாதிப்பேர் 'அப்சர்வர்' என்றுதான் சொல்கிறார்கள். என் காரைப் பொறுத்தவரை அதுதான் சரி. அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளாமல் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் கேட்டார்: "ஸ்பிரிங் வாங்கும்போது அம்மாவைக் கேட்டீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை.

அதற்கப்புறம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உங்களுக்காவது செலவு மிச்சமாகட்டும்.

பள்ளத்தின் அடியை வாங்குவது ஸ்பிரிங். ஆனால் அமுங்கின ஸ்பிரிங் சும்மா இருக்காது, திருப்பித் தள்ளும், மறுபடி அமுங்கும். அந்த ஆட்டத்தை நிறுத்துவதுதான் ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய், அதில் சின்னத் துளைகள் வைத்த ஒரு பிஸ்டன். எண்ணெய் துளை வழியாகப் பிதுங்கும்போது ஆட்டம் சூடாக மாறிக் கரைந்துபோகிறது. ஆக, என் கார் படகு மாதிரி ஆடினது ஸ்பிரிங்கின் குற்றமே இல்லை. தலைவலிக்குப் பல்லைப் பிடுங்கியிருக்கிறேன்.

சாதாரணக் காரின் உடம்பு நொடிக்கு ஒன்று, ஒன்றரை தடவை மேலும் கீழும் ஆடுகிற மாதிரி ஸ்பிரிங் வைப்பார்கள். தொட்டில் மாதிரி. உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கு ஆகவே ஆகாதது நொடிக்கு நாலிலிருந்து எட்டு வரையான ஆட்டம். ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு இறுக்கினாலும் ஆட்டத்தின் வேகம் 1.4 மடங்குதான் கூடும். அப்படியானால் அந்த 'டொம்' எங்கிருந்து வந்தது? காரை இறக்கியதில் ஸ்பிரிங் அமுங்குவதற்கு இருந்த இடம் போய்விட்டது. மூன்று பேர், சாமான் என்று ஏறினதும் மிச்சமும் போச்சு. வேகத்தடை வந்ததும் அடியில் இருக்கும் ரப்பர் முட்டில் போய் இடித்து, அந்த அடி நேராக முதுகெலும்புக்கு. போதாததற்கு டயர். முன்பு 175/65, பக்கச்சுவர் 11.4 சென்டிமீட்டர். புதிது 195/45, 8.8 சென்டிமீட்டர். மெத்தையைக் குறைத்துப் பாய் விரித்தாகிவிட்டது.

அம்மா அன்றைக்குத் திரும்பும்போது ஒன்று சொன்னாள்: "எங்கப்பா வில்வண்டி இதைவிடத் தேவலாம்டா." கேலி இல்லை, உண்மை. வில்வண்டியில் வில் என்பது அடுக்கின எஃகுப் பட்டைகள். அது அமுங்குவதற்குத் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். நம் அம்பாசடரிலும் பின்பக்கம் அதே பட்டைதான். 2014-ல் உற்பத்தி நிற்கும்வரை அதைக் கொண்டாடினவர்கள் யார் என்று பாருங்கள். மந்திரி, கலெக்டர், முதலாளி. எல்லாம் பின் சீட்டுக்காரர்கள்!

பிரான்சில் சித்ரோன் கம்பெனித் தலைவர் பியர் பூலான்ஷே தன் என்ஜினீயர்களுக்குக் கொடுத்த வேலை பிரசித்தம். ஒரு கூடை முட்டையை வைத்து உழுத வயலில் ஓட்டினால் ஒன்றுகூட உடையக் கூடாது. 1948-ல் அந்த 2சி.வி. கார் வெளிவந்தது. வளைவில் பயங்கரமாகச் சாயும், ஆனால் சக்கரம் தரையை விடாது. ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுவது உள்ளங்கை அளவுதான். அந்த நாலு உள்ளங்கையும் தரையிலேயே இருப்பதுதான் ஹேண்ட்லிங். குண்டும் குழியுமான ரோட்டில் விறைப்பான கார் குதிக்கும். குதிக்கிற கார் எப்படித் திரும்பும், எப்படி நிற்கும்?

எனவே, கார் ஆடுகிறது என்று தோன்றினால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் டயர் காற்று. டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அளவு இருக்கும். பங்க்காரர் உத்தேசமாக வைப்பது அளவில்லை. கூடவே வீல் அலைன்மென்ட்.

இரண்டாவது, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், லிங்க். வயதான காரில் பாதி நோய் இந்த ரப்பர்களில்தான்.

மூன்றாவது, ஷாக் அப்சார்பர். ஜோடியாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் கார் நொண்டும். கொஞ்சம் நல்ல ரகமாகப் போட விரும்பினால் செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான்.

நாலாவது, நல்ல டயர், கம்பெனி சொன்ன அளவில்.

இதற்குப் பிறகும் வளைவில் சாய்வது பிடிக்கவில்லையா? ஆன்ட்டி ரோல் பார் என்று ஒரு கம்பி, இடது வலது சக்கரங்களைச் சேர்ப்பது. அதைத் தடிமனாக்கினால் சாய்வு குறையும். ஆனால் ஒரு சக்கரம் விழுந்த பள்ளம் மறு சக்கரத்துக்கும் தெரியும்.

ஸ்பிரிங் கடைசி. அதற்கு முன் சட்டத்தையும் பாருங்கள். கம்பெனி வடிவமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இன்ஷூரன்ஸ்காரர் கேள்வி கேட்பதற்கு இது போதும்.

★

பழைய ஸ்பிரிங், பழைய சக்கரத்தையே திரும்பப் போட்டேன். புதிதாகப் போட்டது நாலு ஷாக் அப்சார்பர், கொஞ்சம் ரப்பர். ஹைவேயில் படகு ஆட்டம் நின்றுவிட்டது. வளைவில் கொஞ்சம் சாய்கிறது. சாயட்டும். அக்கா பையன் வந்து பார்த்து, "லுக்கே போச்சு மாமா" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனான்.

அம்மா இடுப்பு சரியாக நாலு மாதம் ஆயிற்று. மறுபடி கிளம்புமுன், அக்கா பையனை ஓட்டச் சொல்லி, பின் சீட்டில் நான் உட்கார்ந்து மதுராந்தகம் வரை போய்வந்தேன். என் காரில், எனக்கு அது புது அனுபவம்.

இந்த முறை அம்மா தானாகவே இறங்கினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு குகைக்குள் வந்தாள். துவாரபாலகரைத் தடவிப் பார்த்தாள். "அப்பா தூக்கிக் காட்டினார். அப்ப இவர் இவ்ளோ உசரம் இருந்தார்" என்று கையைத் தலைக்கு மேல் காட்டினாள். கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். "அதெல்லாம் போடாம இத்தனை வருஷம் நிக்குது" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

திரும்பும்போது செஞ்சி தாண்டினதும் பின்னாலிருந்து சத்தமே இல்லை. பயந்து கண்ணாடியில் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த வேகத்தடையிலும் எழுந்திருக்கவில்லை.